நாற்பது வருஷம் காணாத குளிரும் பஞ்சாங்கப் புரட்டும்

மார்கழி பிறந்து நாலு நாள் ஆவதற்குள் திருப்பூர் டீக்கடைகளிலும், பனியன் கம்பெனி வாசல்களிலும், பல்லடம், அவிநாசி போகும் பஸ்களிலும் ஒரே பேச்சாகக் கிளம்பிவிடுகின்றது. “நாற்பது வருஷமாக இப்படி ஒரு குளிர் இல்லை” என்பதே அந்தப் பேச்சு. போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். அதற்கு முந்திய வருஷமும் இதையேதான் சொன்னார்கள். நாற்பது வருஷமாக இல்லாத ஒன்று வருஷா வருஷம் வருவது எப்படி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

பேச்சோடு நின்றால் நமக்கு ஒன்றும் ஆக்ஷேபணை இல்லை. குளிர்காலத்தில் குளிரைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள்? ஆனால் இந்தப் பேச்சின் முதுகில் ஏறிக்கொண்டு இரண்டு கூட்டத்தார் பிழைக்கின்றார்கள். ஒருவர், “வரலாறு காணாத குளிர்” என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பத்திரிகைக்காரர். மற்றொருவர், “வருஷப் பிறப்பன்றே பஞ்சாங்கத்தில் சொல்லியிருக்கிறது, கிரகம் சரியில்லை, பரிகாரம் செய்ய வேண்டும்” என்று வாசற்படி ஏறி வருகின்ற ஜோசியர். பத்திரிகைக்காரருக்கு நாம் கொடுப்பது சில்லரைக் காசு. ஜோசியருக்குக் கொடுப்பதோ, ஆர்டர் இல்லாத மாதத்தில் வாரத்துக்கு மூன்று ஷிப்ட் மட்டும் ஓடி, சனிக்கிழமை வாங்கிய அரைச் சம்பளத்தில் பாதி. ஆகையால் இதை விளையாட்டு விஷயமாக நாம் கருதவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இதற்குக் காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. சம்பளத்துக்கு வரிசையில் நின்ற அனுபவம் இருந்தால் போதும்.

ஒரு கம்பெனியில் சனிக்கிழமை மாலை 41 பேர் வரிசையில் நிற்கின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் பார்த்து நிற்கவில்லை; அவரவர் மிஷினை நிறுத்தி விட்டு வந்தபடி நிற்கின்றார்கள். கடைசியாக வந்து நிற்கும் ஆள் அந்த 41 பேரிலும் மிகக் குட்டையானவராக இருப்பதற்கு எவ்வளவு இடம் உண்டு? குட்டையான ஆள் ஒருவர்தான். அவர் முதல் இடத்திலும் நிற்கலாம், பத்தாவது இடத்திலும் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம். எல்லா இடமும் அவருக்கு ஒன்றுதான். ஆகவே, அவர் கடைசியில் நிற்பதற்கு 41-ல் ஒரு பங்கு இடமுண்டு. இதில் கடவுள் செயல் ஏதாவது இருக்கின்றதா? கிரகம் ஏதாவது குறுக்கே வந்ததா?

இப்பொழுது ஆட்களுக்குப் பதிலாக வருஷங்களை நிறுத்துங்கள். ஜனவரி 5-ந் தேதி இரவின் குளிர் அளவை 40 வருஷமாக ஒரு வானிலை நிலையத்தில் எழுதி வைத்திருக்கின்றார்கள். இந்த வருஷம் 41-வது. காலநிலை ஒரு மாறுதலும் இல்லாமல் பழையபடியே இருக்குமானால், இந்த ஜனவரி 5 அந்த 41-ல் மிகக் குளிர்ந்ததாக இருப்பதற்கு 41-ல் ஒரு பங்கு இடமுண்டு. இது சொற்பந்தானே என்று கருதலாம். ஆனால் குளிர்காலம் என்பது ஒரே நாள் அல்ல. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 முடிய 90 நாள் இருக்கின்றது. தொண்ணூறு கம்பெனி வாசலில் தொண்ணூறு வரிசை நிற்கிற மாதிரி, 90 தேதிக்கும் 90 வரிசை. 90-ஐ 41-ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல் வருகின்றது. அதாவது, உலகத்தில் ஒன்றுமே நடக்காமல் இருந்தாலும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் சராசரி இரண்டு இரவுகள் “நாற்பது வருஷம் காணாத குளிர்” என்ற பட்டத்தைப் பெற்றே தீர வேண்டும். பெறாமல் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இதோடு முடியவில்லை. வானிலை நிலையத்தில் ஒரு நாளுக்கு இரண்டு அளவு எழுதுகின்றார்கள். பகலின் உச்ச வெப்பம் ஒன்று, இரவின் குறைந்த வெப்பம் ஒன்று. இரண்டிலும் மேலே போவதும் சாதனை, கீழே இறங்குவதும் சாதனை. ஆக நாலு கலம். நாலையும் கூட்டினால் ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய ஒன்பது சாதனை. நூறு ஊர்களில் இப்படி நாற்பது வருஷக் கணக்கு இருந்தால், ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 900 தடவை “வரலாறு காணாத” என்று அச்சுக் கோக்கலாம். வெப்பமானியில் பத்தில் ஒரு பங்கு டிகிரி வரைதான் எழுதுகின்றார்கள். ஆதலால் பழைய அளவும் புதிய அளவும் ஒன்றாக நின்றுவிடுவதும் உண்டு. “சமன் செய்தது” என்று அதையும் ஒரு செய்தியாக்கினால் இன்னும் சில தலைப்புக்கள் கிடைக்கும்.

குளிர் என்பது ஒரு நாள் வந்து மறுநாள் ஓடிவிடுகிற சங்கதியல்ல. வந்தால் நாலைந்து நாள் தங்கும். அதனால் இந்தச் சாதனைகளும் தனித்தனியாக வராமல் கொத்துக் கொத்தாக வரும். ஒரு வருஷம் ஒன்றும் இராது. மறு வருஷம் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் வரும். சேர்ந்து வந்த வருஷத்தில் ஜோசியருக்குக் கொண்டாட்டம். ஒன்றும் வராத வருஷத்தில் அவர் பரிகாரம் பலித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கூலி வாங்கும் தொழில் இதைத் தவிர வேறு எது இருக்கின்றது?

இந்த வரிசைக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எழுத ஆரம்பித்த முதல் வருஷம் எது வந்தாலும் சாதனைதான். இரண்டாம் வருஷம் அதை முறியடிக்கப் பாதிக்குப் பாதி இடம். மூன்றாம் வருஷம் மூன்றில் ஒன்று. இப்படியே கூட்டிக்கொண்டு போனால், ஒரு தேதிக்குப் பத்து வருஷத்தில் சராசரி மூன்று தடவை சாதனை வருகின்றது. நூறு வருஷத்திலோ ஐந்து தடவைக்குச் சற்று மேல்தான். அதாவது, பழைய நிலையம் என்றால் சாதனை அபூர்வம். புது நிலையம் என்றால் நாளொரு சாதனை. நேற்று வைத்த கருவியில் “இதுவரை இல்லாத குளிர்” என்று ஒருவர் சொன்னால், எத்தனை வருஷமாக எழுதுகின்றீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். 1952-ல் சாண்ட்லர் என்ற புள்ளிவிவர அறிஞர் இந்தச் சாதனைக் கணக்கை முறையாக எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் எந்த ரிஷியிடமும் வரம் வாங்கவில்லை.

நிற்க. பஞ்சாங்கக்காரர் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார் என்பது நமக்குத் தெரியும். “உங்கள் கணக்கு நாற்பது வருஷக் கணக்கு, எங்களுடையது அறுபது வருஷச் சுற்று. பிரபவ முதல் அட்சய வரை வருஷம் அறுபது. ஒவ்வொரு வருஷத்துக்கும் பலன் சொல்லும் வெண்பா இருக்கிறது. இடைக்காட்டுச் சித்தரே பாடியிருக்கிறார்” என்பார். யார் பாடினார் என்ற ஆராய்ச்சிக்குள் நாம் இப்போது போகவில்லை. பலனைப் பார்ப்போம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயருள்ள வருஷம் வருகின்றது, அதே வெண்பாவை அதே பஞ்சாங்கத்தில் அச்சிடுகின்றார்கள் என்றால், அதே பலன்தானே வர வேண்டும்?

சுபகிருது வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 சித்திரை முதல் 1963 பங்குனி முடிய ஒரு சுபகிருது. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகு காணாத குளிர் அடித்தது. 1963 ஜனவரி மாதத்தின் சராசரியே அந்நாட்டின் நடுப்பகுதியில் பூஜ்யத்துக்குக் கீழே 2.1 டிகிரி. ஆறுகள் உறைந்தன. இது ஊகமல்ல, 1659 முதல் மாதவாரியாகத் தொகுக்கப்பட்ட வெப்பக் கணக்கு அந்த நாட்டில் இருக்கின்றது. சரி, அறுபது வருஷம் சுற்றி 2022 சித்திரையில் மறுபடியும் சுபகிருது பிறந்தது. அந்தச் சுபகிருதுவின் மார்கழியில், அதாவது 2023 ஜனவரி 1-ந் தேதி, ஐரோப்பாவில் போலந்து, டென்மார்க், ஹாலந்து, செக், லித்துவேனியா, லாட்வியா, பெலாரஸ், லீக்டன்ஸ்டைன் ஆகிய எட்டு நாடுகளில் ஜனவரி மாதத்து உச்ச வெப்பச் சாதனைகள் முறிந்தன. போலந்தின் தலைநகரான வார்சாவில் 18.9 டிகிரி. ஸ்பெயின் தேசத்துப் பில்பாவோ நகரில் 25.1 டிகிரி. பனியில் உறைந்து கிடக்க வேண்டிய மாதத்தில் அரைக்கைப் பனியனோடு வெளியே வந்தார்கள். ஒரே சுபகிருது, ஒன்றில் உறைபனி, மற்றொன்றில் கோடை. வெண்பா மட்டும் அதேதான்!

“அதெல்லாம் சீமைச் சங்கதி, பஞ்சாங்கம் பாரத புண்ணிய பூமிக்குத்தான்” என்று சொல்லுவார்களானால் அதற்கும் பதில் இருக்கின்றது. அதே 2022 டிசம்பர், இந்திய வானிலைத் துறை 1901 முதல் வைத்திருக்கும் நாடு தழுவிய கணக்கில் மிக வெப்பமான டிசம்பர். அதே குளிர்காலத்தில் அடுத்து வந்த 2023 பிப்ரவரி, பகல் வெப்பத்தில் 1901 முதல் வந்த பிப்ரவரிகள் எல்லாவற்றையும் விட அதிகம். எந்தப் பஞ்சாங்கத்தில் எந்தப் பக்கத்தில் இது முன்கூட்டி அச்சாகியிருந்தது என்று கேட்கின்றோம். எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எத்தனை பாகம், மலைக்கு எத்தனை பாகம், பூமிக்கு எத்தனை பாகம் என்று அளந்து எழுதுகின்றவர்களுக்கு இரவின் வெப்பத்தை ஒரு டிகிரி கூடவா அளக்கத் தெரியவில்லை?

அளக்கத் தெரியாது என்பதுதான் உண்மை. மரக்கால் என்பது நெல் அளக்கிற பாத்திரம். மழையை மரக்காலால் அளந்த ஒருவரையும் நாம் கண்டதில்லை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் நாட்களில் மேகம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கர்ப்போட்டம் என்று பெயரிட்டு, இன்ன நாளில் கண்ட மேகம் இன்ன மாதத்தில் மழையாகப் பிரசவிக்கும் என்கின்றார்கள். மேகத்துக்குக் கர்ப்பமாம், அதற்குப் பத்து மாதக் கணக்காம்! எத்தனை கர்ப்பம் பிரசவித்தது, எத்தனை கலைந்தது என்று ஒரு வருஷமாவது எழுதி வைத்து, கூட்டிப் பார்த்து, அச்சிட்டிருக்கின்றார்களா? பலித்ததை மட்டும் சொல்லுவது, பலிக்காததை மறப்பது என்ற ஒரே முதலில் நடக்கிற வியாபாரம் இது.

அவர்களுக்குள்ளேயாவது ஒற்றுமை இருக்கின்றதா? சனி கிரகம் மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29-ந் தேதி என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லுகின்றது. இல்லை, இல்லை, 2026 மார்ச்சில்தான் என்று வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லுகின்றது; திருநள்ளாற்றுக் கோவிலும் அதையே சொல்லுகின்றது. ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம். தொலைநோக்கியில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கிரகம் எங்கே நிற்கின்றது என்பதிலேயே இரண்டு பஞ்சாங்கத்துக்கு ஒரு வருஷ வம்பு இருக்கும்போது, அந்தக் கிரகம் பல்லடத்தில் எத்தனை டிகிரி குளிரைக் கொண்டுவரும் என்று இவர்கள் சொல்லுவதை எந்த யோக்கியதையில் கேட்பது? இந்தத் தொழிலில் இன்று பார்ப்பனப் புரோகிதர் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதியிலும் ஜோசியர் முளைத்துவிட்டார்கள். கையில் கம்ப்யூட்டரும் வைத்திருக்கின்றார்கள். பார்ப்பனீயம் பூணூலை விட்டு வெளியே வந்து வியாபாரம் செய்வதை நாம் முன்னேற்றம் என்று கருதவில்லை. ஈரோட்டில் 1925 மே 2-ல் “குடி அரசு” பிறந்து நூறு வருஷம் கடந்த பிறகும் சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் படிக்கின்றவர்களைப் பார்க்கின்றோம்.

குளிர் எப்படி வருகின்றது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. டிசம்பர் 21, 22-ல் நமக்குப் பகல் மிகக் குறுகுகின்றது. பூமி பகலில் வாங்கிய சூட்டை இரவில் ஆகாயத்துக்கு விட்டுவிடுகின்றது. மேகம் இருந்தால் அது போர்வை போலத் தடுக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வறண்ட காற்று அடிக்கும்போது தடுப்பார் இல்லாமல் சூடு ஓடிப்போகின்றது. அன்று இரவு குளிர்கின்றது. திருப்பூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில், கடலை விட்டு எட்டி இருப்பதனால் சென்னையை விட இங்கு இரவு சற்று அதிகம் குளிரும். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் பார்க்காத நம் குடியானவர், “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று சொல்லி வைத்தார். அது அவர் கண்ணால் பார்த்துத் தோலால் உணர்ந்து சொன்னது. அதில் கிரகமும் இல்லை, பீடையும் இல்லை. மார்கழியைப் பீடை மாதம் என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியவர்கள்தான் அதற்குள் சாமியைக் கொண்டுவந்து நுழைத்தார்கள்.

இனி பத்திரிகைக்காரர் சங்கதிக்கு வருவோம். இவர்கள் மூன்று வேறு விஷயங்களை ஒரே சாக்கில் கட்டுகின்றார்கள். ஒரு தேதியின் சாதனை ஒன்று. ஒரு மாதத்தின் சாதனை ஒன்று. எல்லாக் காலத்துக்கும் சேர்ந்த சாதனை ஒன்று. முதலாவது மலிவு. இரண்டாவது அருமை. மூன்றாவது மிக அருமை. டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 2019 டிசம்பர் 30-ந் தேதி பகல் உச்சமே 9.4 டிகிரிதான், 1901 முதல் வந்த டிசம்பர்ப் பகல்களில் அதுதான் குளிர்ந்தது என்றார்கள். அது உண்மையிலேயே பெரிய சங்கதி. அதே நிலையத்தில் 1935 ஜனவரி 16-ல் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி வரை இறங்கியது. 2021 ஜனவரி 1-ல் 1.1 டிகிரி வந்தபோது ஊரே நடுங்கியது. அப்போதும் அந்தப் பழைய அளவைத் தொட முடியவில்லை. சென்னையிலோ இன்னும் பழையது. 13.9 டிகிரி என்ற குறைந்த அளவு 1895 டிசம்பர் 11-லும் 1905 ஜனவரி 29-லும் வந்தது. நூற்றிருபது வருஷமாக அதைக் கீழே தள்ள ஒரு மார்கழியாலும் ஒரு தையாலும் ஆகவில்லை.

நாம் மேலே சொன்ன வரிசைக் கணக்குப்படி, மிகக் குட்டையான ஆள் முன்பாதியில் நிற்பதும் பின்பாதியில் நிற்பதும் சமம். உச்ச அளவுகள் பின்பாதியிலும் குறைந்த அளவுகள் முன்பாதியிலுமாகப் போய் நிற்குமானால், வரிசை யாரோ ஒழுங்கு பண்ணின வரிசையாகின்றது. சென்னை நுங்கம்பாக்கத்தின் உச்சமான 45 டிகிரி 2003 மே 31-ல் வந்தது. ஊட்டி என்கிற உதகமண்டலத்தில் 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி வந்து, 1986 ஏப்ரலில் வந்த பழைய அளவை முறியடித்தது. அதற்காக எல்லா ஊரும் அப்படியே என்று நாம் சொல்ல வரவில்லை. டில்லி சப்தர்ஜங்கின் உச்சமான 47.2 டிகிரி 1944 மே மாதத்தது. அது இன்னும் நிற்கின்றது. நமக்குச் சாதகமான ஊரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசினால் நமக்கும் ஜோசியருக்கும் என்ன வித்தியாசம்?

பொறுக்காமல் பார்க்க ஒரு வழி இருக்கின்றது. இந்த வரிசைக் கணக்கின் அருமையே அதில்தான். காலநிலை மாறவில்லை என்றால், வெப்பச் சாதனையும் குளிர்ச் சாதனையும் எண்ணிக்கையில் சமமாக வர வேண்டும். ஊர் எது, தேதி எது என்று பாராமல் எல்லாவற்றையும் எண்ணிவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் ஜெரால்ட் மீல் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் சுமார் 1,800 நிலையங்களில் 2000 ஜனவரி முதல் 2009 செப்டம்பர் வரை தேதிவாரியாக எண்ணினார்கள். பகல் உச்ச வெப்பச் சாதனை 2,91,237. இரவுக் குளிர்ச் சாதனை 1,42,420. ஒன்றுக்கு இரண்டு. 1950-களில் அதே நாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. குளிர்ச் சாதனை அடியோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு அருகே வந்திருக்கின்றது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பத்திரிகையில், “பூமி சூடாகிறது என்றார்களே, எங்கே?” என்று பரிகாசம் செய்ய உதவியிருக்கும்.

இப்படிப் பரிகாசம் செய்கின்றவர்கள் நம் இயக்கத்தைச் சுற்றியும் சிலர் இருக்கின்றார்கள். சாதனை முறிவது தினசரி சங்கதி என்று கணக்குக் காட்டிவிட்டால், பூமி சூடாவதும் பொய் என்று தாவி விடுகின்றார்கள். அது ஜோசியத்துக்கு அண்ணன் தம்பி. ஒரு சாதனை எதையும் காட்டாது. சாதனைகளின் விகிதம் காட்டும். நம் நாட்டுக் கணக்கும் அப்படியே. மூன்று மாதக் குளிர்காலத்தில் ஏதாவது ஒரு மாதம் 1901 முதல் வந்தவற்றில் மிக வெப்பமாக இருக்கச் சாதாரணமாக நாற்பது குளிர்காலத்துக்கு ஒரு தடவை இடமுண்டு. 2022-23 குளிர்காலம் ஒன்றிலேயே டிசம்பர், பிப்ரவரி இரண்டும் அந்த இடத்தைப் பிடித்தன. இரண்டு வருஷம் கழித்து 2025 பிப்ரவரி, பகலிரவுச் சராசரியில் மறுபடியும் முதலிடம் பிடித்தது. இடையில் 2024, வருஷ முழுவதையும் சேர்த்து 1901 முதல் மிக வெப்பமான வருஷமாயிற்று. சம்பள வரிசையில் வருகிறவர் எல்லாம் வர வர உயரமாகிக்கொண்டே வந்தால், வாசலில் யாரோ அளந்து அனுப்புகின்றார்கள் என்றுதானே அறிவுள்ளவன் சந்தேகிப்பான்?

அந்த யாரோ கிரகமல்ல, கரிப்புகை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் கரியமில வாயு, இரவில் பூமி விடும் சூட்டை மேகம் போலப் பிடித்து நிறுத்துகின்றது. 1896-லேயே ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 1938-ல் இங்கிலாந்தில் காலண்டர் என்பவர், நீராவி எஞ்சின் வேலை பார்த்தவர், வானிலை உத்தியோகம் ஒன்றும் இல்லாதவர், உலகத்து வெப்பமானிக் கணக்குகளைத் தாமே ஓய்வு நேரத்தில் சேகரித்துக் கூட்டிப் பார்த்து, பூமி சூடாகி வருகின்றது என்று காட்டினார். பெரிய பட்டம் பெற்றவர்கள் நம்பவில்லை. அவர் கணக்கு நின்றது. 1958-ல் ஹவாய் தீவின் மலையுச்சியில் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதற்கு எந்தக் கோவிலில் அபிஷேகம் செய்தாலும் ஒரு பங்கு குறையாது.

இதனால் திருப்பூருக்கு என்ன? நிரம்ப இருக்கின்றது. திருப்பூர் பெரும்பாலும் கோடைச் சரக்கு ஊர்தான் என்றாலும், உள்பக்கம் ரைசிங் செய்த கனத்த துணியில் குளிர்காலச் சரக்கும் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகின்றது. அங்கே ஜனவரியில் 18 டிகிரி அடித்தால் அந்தச் சரக்கு கடை அலமாரியில் தங்குகின்றது. தங்கினால், அடுத்த ஆர்டர் தள்ளிப் போகின்றது. வந்தாலும் பீஸுக்கு விலையைக் குறை என்று வருகின்றது. முதலாளி அந்தக் குறைவைக் காண்டிராக்டர் தலையில் வைக்கின்றார். காண்டிராக்டர் ஓவர்லாக், பேட்லாக் தையற்காரர் தலையில் வைக்கின்றார். கடைசியில் அது கைமடித் தோழரின் ஒன்றரை ஷிப்டை முக்கால் ஷிப்டாக்கி நிற்கின்றது. வார்சாவில் வெயில் அடித்ததற்கு வீரபாண்டியில் அடுப்பு அணைகின்றது. இதை அந்தத் தோழருக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. “உனக்கு ஏழரைச் சனி” என்று சொல்ல மட்டும் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கின்றார். ஆர்டர் குறைந்த கம்பெனியிலும் அப்படியே. புதன் ஓரையில் கட்டிங் மேஜையை இடம் மாற்றுகின்றார்கள், ஹோமம் வளர்க்கின்றார்கள். ஹோமத்துக்குக் கொட்டிய நெய்ப் பணத்தில் அந்த வாரச் சம்பளப் பாக்கியைத் தீர்த்திருக்கலாம் என்பது அந்த முதலாளிக்குத் தோன்றுவதில்லை.

நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடிய காலத்தை இந்த ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் கோவில்களுக்கும் விசேஷ பூஜைகளுக்கும் குறைவில்லாத காலந்தான் அது. ஒரு பூஜையாவது ஆற்றைத் தெளிய வைத்ததா? கீழ்க்கரைக் குடியானவர்கள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவைச் சுத்தம் செய்து திருப்பி உபயோகிக்கும் வரை திறக்கக் கூடாது என்று கட்டளையிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

இன்னொன்றும் இருக்கின்றது. குளிர்ச் சாதனைக்கு இவ்வளவு ஆரவாரம் செய்கின்ற ஊரில், இரவு வெப்பத்தின் சாதனையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பகல் முழுவதும் மிஷின் சூட்டிலும் அயர்னிங் மேஜை ஆவியிலும் வெந்தவன், இரவில் லைன் வீட்டுத் தகரக் கூரையின் கீழ், ஒரு அறைக்கு ஆறு பேராகப் படுக்கின்றான். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் இப்படித்தான் படுக்கின்றார்கள். உடம்பு ஆறுவது இரவில்தான். இரவு ஆறாவிட்டால் மறுநாள் ஊசி விரலில் ஏறும். தொழிலாளியை வதைக்கிற சாதனை அதுதான். அதற்குப் பரிகாரம் கூரைக்கு வெள்ளை அடிப்பது, ஜன்னல் வைப்பது, தண்ணீர் கொடுப்பது, வெயில் உச்சத்தில் ஷிப்ட் நேரத்தை மாற்றுவது. இவற்றில் தட்சிணைக்கு இடமில்லாததால் எந்தப் பஞ்சாங்கத்திலும் இவை காணப்படவில்லை போலும்.

நம் தோழர்கள் தங்கள் படிப்பகங்களில் ஒரு வெப்பமானியை நிழலில், காற்றோட்டமாக, சுவருக்கும் தகரத்துக்கும் எட்டினாற்போல் மாட்டி, தினம் காலையில் இரவின் குறைந்த அளவை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டுமென்று வேண்டுகின்றோம். முதல் சில வருஷம் நாளுக்கொரு சாதனை வரும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். எவ்வளவு வருஷம் எழுதுகின்றோமோ அவ்வளவு அதற்கு மதிப்பு.

ஜோசியர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். வருகிற டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 முடிய 90 இரவுகள். ஒவ்வொரு இரவும் அந்தத் தேதியின் வழக்கமான அளவை விடக் குளிருமா, குளிராதா என்று மட்டும் நவம்பர் கடைசிக்குள் எழுதிக் கையெழுத்திட்டு, உறையிலிட்டு, ஊரறிய ஒரு பொது மனிதரிடம் ஒப்படைக்கட்டும். டிகிரி கூடச் சொல்ல வேண்டாம். திருக்கணிதக்காரர் ஒரு உறை, வாக்கியக்காரர் ஒரு உறை கொடுக்கலாம். நம் பக்கத்தில் ஒரு உறை இருக்கும். அதில் பாதி இரவுகளுக்கு மேல் “குளிராது” என்று எழுதியிருக்கும். காரணம் மேலே சொன்ன விகிதந்தான். மற்றொரு உறையில், காசைச் சுண்டிப் பூ விழுந்தால் “குளிரும்”, தலை விழுந்தால் “குளிராது” என்று எழுதி வைப்போம். மார்ச் முதல் வாரத்தில் கோவை பீளமேடு விமான நிலையத்து வானிலைக் கணக்கை வைத்துக்கொண்டு, நாலு உறையையும் திருப்பூரில் ஒரு பொதுக்கூட்டத்தில் பிரிக்கலாம். காசு சுண்டும் வேலையை ஆர்டர் இல்லாமல் சும்மா இருக்கும் ஒரு கைமடித் தோழரிடம் ஒப்படைத்து, ஜோசியருக்குக் கொடுக்கிற கூலியை அவருக்குக் கொடுத்துவிடலாம்.